இலை கொட்டாத மரம் வேணுமாம்!

நர்சரிக்குச் செடி வாங்கப் போகிற நம்ம ஜனங்க முதலில் கேட்கிற கேள்வி, "பையா, இது இலை கொட்டுமா?" என்பதுதான். கொட்டாது என்று அவன் சொன்னால் போதும், விலைகூடக் கேட்காமல் டிக்கியைத் திறந்துவிடுகிறார்கள். அகமதாபாத்தில் பல காம்பவுண்டுகளில் வரிசை கட்டி நிற்கும் அலங்காரப் பனைகளும் குரோட்டன்ஸும் கோனோகார்பஸும் அப்படி வந்து இறங்கியவைதான்.

நான் பி.காம். படித்தவன், தாவரவியல் தெரியாது. ஆனால் இது செலவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு வரவுப் பக்கத்தைக் காலியாக விட்ட கணக்கு என்று சொல்ல பி.காம். போதும். கொட்டுகிற இலை செலவு, சரி. நிழலை எங்கே எழுதினீர்கள்? பூவை, காயை, குயிலை?

கோனோகார்பஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் தாங்கும், மாடு மேயாது, வருஷம் பூரா பச்சை, வெட்டிவிட்டால் சுவர் மாதிரி நிற்கும். இதைச் சொல்லித்தான் விற்றார்கள். அப்புறம் என்ன ஆச்சு? குளிர்காலத்தில் பூத்து, மகரந்தத்தால் சளி, இருமல், ஆஸ்துமா, அலர்ஜி என்று புகார். வேர் போய் சாக்கடைக் குழாயையும் பூமிக்கடியில் போகும் கேபிளையும் பிடிக்கிறது. 2023 செப்டம்பரில் குஜராத் வனத்துறை, நர்சரியில் வளர்க்கவும் கூடாது, எங்கேயும் நடவும் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2025-ல் நம்ம தமிழ்நாடும் தடை போட்டது. இலை கொட்டாத மரம் எதைக் கொட்டியது என்று பார்த்தீர்களா?

எங்க சொசைட்டியில் இப்போது இதே கூத்து. பார்க்கிங்கை ஒட்டி மூன்று வேப்பமரம். "கார் மேல இலை, பூ, பழம், எச்சம்" என்று வெட்டிவிட்டு, சிமெண்ட் கல் பதித்து, தொட்டியில் பனை வைக்கத் தீர்மானம் கொண்டுவருகிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு தமிழ்க் குடும்பமும் உண்டு. அதுதான் எனக்குத் தாங்கலை.

வேம்பு இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச் வாக்கில் சில வாரம். உடனே தளிர் விட்டு, வெயில் ஏறும்போது குடை மாதிரி நிற்கும். இந்த ஊர் வெயில் தெரியுமில்லையா? 2016 மே 20 அன்று 48 டிகிரி தொட்ட ஊர் இது. அந்த வெயிலில் பனையின் நிழலில் ஒருத்தர் நிற்கலாம், அதுவும் கொடிக்கம்பத்து நிழலில் நிற்கிற மாதிரி.

இன்னொரு வேடிக்கை. இதே குடும்பங்கள் வருஷப் பிறப்புக்கு முன்னால் மணிநகர் பக்கம் தமிழ்க் கடைக்குப் போய், பச்சடிக்குக் காய்ந்த வேப்பம்பூ பாக்கெட் வாங்கி வருகிறார்கள்! கார் கண்ணாடியில் விழுந்தால் குப்பை, பாக்கெட்டில் வந்தால் பண்டிகை. குஜராத்திக்காரர்கள் சைத்ர மாசம் வேப்பம்பூவை அரைத்துச் சாறாகக் குடிக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாசி நம்ம மரத்தடியில் துண்டு விரித்துப் பூ எடுக்கும்போது நாம் கடையில் க்யூவில் நிற்கிறோம்.

பெருக்குவது யார் என்றும் கேட்க வேண்டும். குறை சொல்கிற யாரும் விளக்குமாறு எடுப்பதில்லை. பெருக்குகிற பெண்மணிக்கு அந்த இரண்டு மாசம் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுங்கள், மூலையில் ஒரு குழி வெட்டி இலையைப் போடுங்கள். மக்கினால் தொட்டிக்கு உரம்.

சரி, எதைத்தான் வைப்பது? வீட்டு முன்னால் பத்தடிதான் இடம் என்றால் வேம்பு வேண்டாம், அது பெரிய மரம். பவழமல்லி வையுங்கள். ராத்திரி பூத்து விடிகாலையில் தானே கொட்டிவிடும் (ஆமாம், கொட்டும்!). நந்தியாவட்டை அதிகம் கேட்காது. கறிவேப்பிலைக்கு இங்கே மீட்டோ லீம்டோ, அதாவது இனிப்பு வேம்பு என்று பேர். முதல் வருஷம் மெதுவாகத்தான் வரும், அதற்குள் ரசத்துக்கு மொட்டை அடித்துவிடாதீர்கள். செம்பருத்தி நல்லதுதான், ஆனால் மாவுப்பூச்சி வரும், வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். அரளி வெயிலுக்கு அசையாது. பூ, இலை எல்லாமே விஷம் என்பதால் வாயில் எதையும் போடும் வயசுக் குழந்தை இருந்தால் வேண்டாம். முருங்கை ஒரு போத்து ஊன்றினால் வந்துவிடும். கிளை படக்கென்று ஒடியும், கார் நிற்கிற இடத்தில் வைக்காதீர்கள். இடம் தாராளம் என்றால் சரக்கொன்றை. கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மஞ்சளாகத் தொங்கும்போது கொட்டின இலையை யாரும் எண்ண மாட்டார்கள். ஏழிலைப்பாலை மட்டும் படுக்கையறை ஜன்னலுக்குத் தள்ளி இருக்கட்டும். அக்டோபரில் அந்த வாசனை சிலருக்குத் தலைவலி.

"மூணு வருஷத்துல டிரான்ஸ்ஃபர், நமக்கெதுக்கு சார்?" என்பார்கள். வாஸ்தவம். நானும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான். ஆனால் அந்த மூன்று வேம்பையும் வைத்தவர் யாரென்றே எங்க சொசைட்டியில் யாருக்கும் தெரியாது. அவர் நிழலில்தான் எல்லார் வண்டியும் நிற்கிறது :-)

எங்க சொசைட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: ஞாயிறு காலை பத்து மணி, பார்க்கிங்கில் கூட்டம். தூங்கிவிடாதீர்கள். கை தூக்க ஆள் குறைகிறது.