மலிவு விமானத்தின் விலை

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது விலையை. பார்க்க வேண்டியதோ இன்ஜின் ஓடிய மணிக்கணக்கை. 1956-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். நாற்பதாயிரத்துக்கும் மேல் தயாரான விமானம். உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும், பழுதுபார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். மறுபடி விற்கும்போது ஆள் தேடி வருவதும் அதனால்தான். 1968 மாடல் முதல் அதில் பொதுவாக இருப்பது லைகமிங் இன்ஜின். ஏறக்குறைய 2,000 மணிநேரத்தில் அதை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. 1,900 மணிநேரம் ஓடியது மலிவாகக் கிடைக்கிறதென்றால், அந்தப் பல்லாயிரம் டாலர் செலவு உங்கள் தலையில் விழக் காத்திருக்கிறது. குறைவாக ஓடியது என்று மகிழவும் முடியாது. இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு மேல்பக்கம் இருக்கிறது. மாதக்கணக்கில் பறக்காமல் நின்றால் அதன் மேலிருக்கும் எண்ணெய் வடிந்து துரு ஏறும். இதையெல்லாம் காட்டிக்கொடுப்பது பராமரிப்புப் பதிவேடுதான். அது தொலைந்துபோன விமானத்துக்குச் சந்தையில் மதிப்பு குறைவு, எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருந்தாலும். விமானி முன்னுள்ள புது மின்னணுத் திரைகளுக்கும் ரேடியோவுக்கும் போட்ட பணமும் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. ஆகவே அவை ஏற்கெனவே பொருத்தப்பட்ட விமானத்தை வாங்குவதே லாபம். விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பரிசோதிக்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.