உயிரோடிருப்பவருக்குச் சவ ஊர்வலமா?

கள்ளக்குறிச்சிச் சந்தைப் பக்கமும் கல்வராயன் மலையடிவாரத்திலும் நாம் பேசப் போகும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. “பார்ப்பனப் புரோகிதன் என்றால் வாய் கிழியப் பேசுகிறீர்களே, பாதிரியார் என்றால் மட்டும் ஏன் வாய்ப்பூட்டு?” என்பதே அது. அவர்களுக்குப் பதிலாக ஒரு நடந்த சங்கதியைச் சொல்லுகிறோம்.

மலையாள நாட்டு இடுக்கியில் பி.டி.தாமஸ் என்று ஒரு காங்கிரஸ்காரர் இருந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 2009இல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மேற்கு மலைத்தொடரைக் கண்டபடி வெட்டக் கூடாது என்று மாதவ் காட்கில் கமிட்டி 2011இல் அறிக்கை கொடுத்தது. தாமஸ் அதைப் படித்தார், சரியென்று பட்டது, சரியென்று பகிரங்கமாகச் சொன்னார்.

அவ்வளவுதான்! இடுக்கிச் சபையார் கிளர்ந்தெழுந்தனர். பாதிரிமார் முன்னின்று, உயிரோடிருந்த அந்த மனிதருக்குப் போலிச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014 தேர்தலில் அவருக்குக் கட்சி அங்கே இடம் கொடுக்கவில்லை.

நிற்க, மலைக் குடியானவர்களுக்கு நிலம் போய்விடுமோ என்ற பயம் இருந்தது மெய்தான். 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் கிடந்த நம் கல்வராயன் மலை மக்களுக்கு அந்தப் பயம் புரியாததல்ல. ஆனால் பயத்துக்கு மருந்து விளக்கமா, பாடையா? அறிக்கையில் தப்பு இருந்தால் எடுத்துக் காட்டட்டும். வாதம் இல்லாதவன்தானே பாடை கட்டுவான்!

வேடிக்கையைக் கேளுங்கள். 2015இல் போப் பிரான்சிஸே, பூமியைப் பாழாக்குவது பாவம் என்று ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடல் விட்டார். அப்படியானால் சபையின் போதனைக்கு விரோதி யார்? தாமஸா, பாடை கட்டியவர்களா? போப் சொன்னதால் அது உண்மையாகிவிடவில்லை. அவர் சொல்லுமுன்பே தாமஸுக்கு அவரது அறிவு சொல்லிற்று என்பதே விஷயம்.

தாமஸ் 2016லும் 2021லும் திருக்காக்கரையில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். 2021 டிசம்பரில் நம் வேலூர் ஆஸ்பத்திரியில் காலமானார். மதச் சடங்கு வேண்டாம், மலர்வளையம் வேண்டாம், உடலை எரியுங்கள், கண்களைத் தானம் செய்யுங்கள், வயலாரின் சினிமாப் பாட்டொன்றைப் போடுங்கள் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார். சாம்பலில் ஒரு பங்கைத் தாயின் கல்லறையில் வைக்கச் சொன்னார். அது தாய்ப் பாசம். அதில் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. உயிரோடிருந்தபோது சவ அடக்கம் செய்தவர்களுக்கு, செத்தபின் அந்த வேலையைக் கொடுக்காமல் போனார்!

தோழர்களே! பாதிரியைப் பார்த்துச் சிரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். சாதி விட்டு மணந்த மகளுக்கு, அவள் உயிரோடிருக்கையிலேயே கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டித் தலை முழுகுகிற யோக்கியர்கள் நம்மிலும் உண்டே! இரண்டும் ஒரே பாடைதான்.

இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராயிருந்தாலும் ஒன்று கேளுங்கள்: “உமது குருவோ, சாதிச் சங்கத் தலைவரோ ஒன்று சொல்லி, உமது அறிவு வேறொன்று சொன்னால், எதன்படி கை தூக்குவீர்?” பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு ஓட்டுப் போடவும் தயங்குங்கள்.