வீடு விற்பனையும் தரகும்

சென்னையில் வீட்டை விற்க எண்ணுவோர் பலரும் தரகருக்குக் கொடுக்கும் கூலி தகுமா என்று கேட்கிறார்கள். கிரயத்தில் நூற்றுக்கு 1 அல்லது 2 கேட்பது இங்கு வழக்கம். 80 லக்ஷம் ரூபாய்க்குப் போகும் வீட்டுக்கு, நூற்றுக்கு 2 வீதம், 1,60,000 ரூபாய் ஆகிறது. ஆயுள் முழுவதும் மிச்சம் பிடித்து வீடு கட்டிய உபாத்தியாயருக்கு இது சொற்பத் தொகையன்று.

தரகரெல்லாம் உழைக்காமல் உண்பவர் என்பது அநியாயமான பேச்சு. வாங்குபவரைத் தேடிக் கொணர்ந்து, வேடிக்கை பார்க்க வருபவரை விலக்கி, பட்டாவிலும் மூல தஸ்தாவேஜிலும் உள்ள குறையை முன்கூட்டியே எடுத்துரைத்து, ரிஜிஸ்திரார் ஆபீஸ் வரை உடன் வருபவர் கூலிக்கு உரியவரே. பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்க இங்கே தனித்து வாழும் முதியோருக்கு அத்தகையவர் பேருதவி. ஆனால் குடியிருப்பவரோ அடுத்த வீட்டுக்காரரோ வாங்க முன்வந்தால் தரகு எதற்கு? பத்திரங்களைப் பரிசீலிக்க ஒரு வக்கீலின் பீஸ் போதும். (வக்கீல் தொழிலறிந்த நாம் இதைச் சொல்வது சுயநலமென்று சிலர் நகைக்கலாம், நகைக்கட்டும்.)

நமது ஆக்ஷேபம் வேறு. ஒரு மாதம் பொறுத்தால் 2 லக்ஷம் கூடுதலாகக் கிடைக்குமென்று வைத்துக்கொள்வோம். தரகு போக விற்பவருக்கு 1,96,000 ரூபாய் லாபம். தரகருக்கோ 4,000 ரூபாய்தான். ஆகவே, "வந்த விலையை விடாதீர்கள்" என்று அவர் அவசரப்படுத்துவதில் வியப்பில்லை. அமெரிக்காவில் சிகாகோ பகுதியின் ஏறக்குறைய 1 லக்ஷம் விற்பனைகளை ஆராய்ந்து, லெவிட், ஸைவர்ஸன் என்னும் பொருளாதார நிபுணர் இருவர் 2008ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தரகர்கள் தம் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீட்டை விற்பதைவிடச் சராசரி 9.5 நாள் அதிகம் காத்திருந்து, நூற்றுக்கு 3.7 அதிக விலை பெற்றதாக அவர்கள் கண்டனர்.

நம் ஊரிலோ இதற்கு மேலும் ஒரு கேடு உண்டு. ஒரே தரகர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தரகு பெறுகிறார். ஒருவருக்கு விலை ஏறவேண்டும், மற்றவருக்கு இறங்கவேண்டும். இரண்டு ஓடத்தில் கால் வைத்தவர் யாருக்குத் துடுப்புப் போடுவார்?

1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் நியாயமான விதிகள் இருக்கின்றன. தனி ஒப்பந்தம் இல்லாவிடில், காரியம் முடியும் வரையில் ஏஜெண்டுக்குக் கூலி சேராது என்கிறது 219வது பிரிவு. தவறாக நடந்த காரியத்திற்கு அவருக்குக் கூலியே இல்லை என்கிறது 220வது பிரிவு. ஆனால் வாய்ப்பேச்சில் அமர்த்திய தரகர் மீது எதைக் கொண்டு வழக்காடுவது? ஆகையால் வீதத்தையும், அது எப்போது சேருமென்பதையும், எதிர்தரப்பில் வாங்கும் தொகையையும் எழுதிக் கையொப்பமிடச் சம்மதிக்கும் தரகருக்கே விற்பவர் வீட்டுச் சாவியைக் கொடுக்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

2016ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், அதன்கீழ்ப் பதிவான புதிய திட்டங்களில் விற்பனை செய்துவைக்கும் ஏஜெண்டுகளைப் பதிவு செய்துகொள்ளக் கட்டாயப்படுத்துகிறது. பழைய வீட்டைக் கைமாற்றிவிடும் தெருத் தரகரை அது தொடவில்லை. தரகு வீதத்தையும் நிர்ணயிக்கவில்லை. வீதத்தைச் சர்க்கார் நிர்ணயிக்கவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. இருதரப்பிலும் பெறும் தரகை மறைக்காமல் எழுத்தில் தெரிவிக்கும் கடமையையேனும் பழைய வீட்டுத் தரகருக்கும் விதிக்க வேண்டுமென்றே கேட்கிறோம்.