ஸ்பானிய வீட்டில் தங்க டெல்லியிலேயே பயிற்சி வேண்டும்

டெல்லியில் ஸ்பானிய மொழி படிக்க விரும்புகிறவருக்கு இன்று வழிகள் பல. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை படிக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜாமியா மிலியா இஸ்லாமியாவிலும் வகுப்புகள் உண்டு. ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் 2009 முதல் இங்கே இயங்குகிறது. உலகெங்கும் ஏற்கப்படும் ஸ்பானிய மொழித் தேர்வான டெலேயையும் நடத்துகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குப் பரிந்துரைத்த அயல்மொழிகளில் ஸ்பானியமும் ஒன்று. இவ்வளவும் இருந்தும், இங்கிருந்து ஸ்பெயினின் சலமாங்காவுக்கோ மெக்சிகோ நகருக்கோ படிக்கப் போகிற மாணவர் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தோடு முதல் வாரத்தை எப்படிக் கழிப்பார் என்பது பெரும்பாலும் அவரவர் சாமர்த்தியத்துக்கே விடப்படுகிறது. மொழி படிக்கப் போகிறவருக்கு அந்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு தங்குவதே நல்ல தொடக்கம். ஆனால் அது பலன் தர வேண்டுமானால், பயிற்சி டெல்லி வகுப்பறையிலேயே தொடங்க வேண்டும்.

வகுப்பறை மொழிக்கும் வீட்டு மொழிக்கும் உள்ள தூரத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். வகுப்பில் ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் பேசுவார். புரியாவிட்டால் ஆசிரியர் நிறுத்தி மறுபடி சொல்வார். வீட்டிலோ நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பக்கத்து வீட்டுச் செய்தியும் கால்பந்தும் மின்கட்டணமும் ஒன்றோடொன்று கலந்து ஓடும். ஸ்பெயினில் மதிய உணவு இரண்டு மணிக்கு மேல்; இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருப்பது அங்கே வழக்கம். அந்தப் பேச்சில்தான் மொழி வளரும். களைப்பில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற மாணவர் அதை இழக்கிறார். நாட்டுக்கு நாடு பேச்சும் மாறும். பாடநூலில் படித்த ஸ்பெயின் நாட்டு முன்னிலைப் பன்மை லத்தீன் அமெரிக்காவில் புழக்கத்தில் இல்லை. அர்ஜென்டினாவில் முன்னிலை ஒருமையும் வேறு. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவரும் இந்த முதல் நாட்களில் வாயடைத்துப் போவது இயல்பு. தனக்கு மொழியே வரவில்லை என்று அவர் முடிவுகட்டி ஒதுங்கிவிடுவதுதான் ஆபத்து.

குடும்பத்தோடு தங்கினால் மொழி தானாக வரும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை. ரஷ்யாவுக்குப் படிக்கப் போன அமெரிக்க மாணவர்களைப் பற்றி வில்லியம் ரிவர்ஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வு, வீடுகளில் தங்கியவர்கள் பேச்சுத் திறனில் விடுதி மாணவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்றது. வாசிப்பில் மட்டுமே அவர்கள் முந்தினார்கள். அப்படியானால் வீடு எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு 2009இல் வெளியான ஜார்ஜ்டவுன் கூட்டாய்வு பதில் தருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்த அந்தக் குழு, பிற பண்பாட்டைப் புரிந்துகொள்ளும் திறனில் வெறுமனே வீட்டில் தங்கியிருப்பது மாற்றம் எதையும் தரவில்லை என்று கண்டது. ஓய்வு நேரத்தைக் குடும்பத்தோடு செலவிட்டவர்களே முன்னேறினார்கள். ஆக, மாணவரை அந்த வீட்டில் பேசவும் பழகவும் வைப்பதுதான் முக்கியம். அதற்கான துணிவும் பழக்கமும் விமானம் ஏறும் முன்பே வர வேண்டும்.

பெற்றோர் எழுப்பும் ஆட்சேபங்கள் நியாயமானவை. பன்றி இறைச்சி அன்றாட உணவாக இருக்கும் ஸ்பெயினில் சைவ மாணவர் என்ன சாப்பிடுவார்? பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டா? சமையலறையைப் பயன்படுத்தவும் இரவில் தாமதமாகத் திரும்பவும் அனுமதி கேட்க வேண்டுமா? இவற்றுக்கெல்லாம் வீட்டைத் தவிர்ப்பது தீர்வாகாது. உணவு, நேரம், சாவி, கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் வீட்டை மாற்றித் தரும் பொறுப்பை அனுப்பும் நிறுவனமும் ஏற்கும் நிறுவனமும் சேர்ந்து ஏற்க வேண்டும். செலவு அதிகமென்றால் படிப்புக் காலம் முழுவதும் அங்கே இருக்க வேண்டியதில்லை; முதல் சில வாரங்கள் தங்கினாலும் பயன் உண்டு.

நம்மவர்களோடு அறை எடுத்துத் தங்கினால் மனத்துக்குத் தெம்பு கிடைக்கும் என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஊர்ப் பேச்சும் ஊர்ச் சாப்பாடும் தரும் ஆறுதல் சிறிதல்ல. ஆனால் டெல்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் தமிழர்களோடு மட்டுமே முனிர்கா பகுதியில் அறை எடுத்து, அவர்களோடு மட்டுமே பழகினால், ஆண்டுகள் கழிந்தும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவு இந்திதான் வரும். நண்பர்கள் வார இறுதியில் கிடைப்பார்கள். அன்றாடப் பேச்சை வீடுதான் தரும். இது நாம் அறியாத முறையுமல்ல. தமிழ் கற்க வரும் அமெரிக்க மாணவர்களை அமெரிக்க இந்திய ஆய்வுகள் நிறுவனம் மதுரையில் தமிழ்க் குடும்பங்களோடு தங்கவைக்கிறது. நம் மொழியை அவர்கள் நம் வீட்டுக்குள் வந்து கற்கும்போது, நம் பிள்ளைகள் மட்டும் ஏன் வாசலில் நிற்க வேண்டும்?

இதற்கான பயிற்சியைத் தர டெல்லிக்குத் தனி வசதி உண்டு. ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா, பெரு, சிலி, கொலம்பியா, கியூபா தூதரகங்கள் எல்லாம் இந்த நகரில்தான் இருக்கின்றன. அங்கே பணியாற்றும் குடும்பங்களையும் இங்கே படிக்க வந்திருக்கும் லத்தீன் அமெரிக்க மாணவர்களையும் மொழித் துறைகள் அணுகலாம். இறுதிப் பருவத்தில் மாதம் ஒருமுறையாவது மாணவர்கள் அவர்களோடு சாப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்து, அதற்கு மதிப்பெண்ணும் தரலாம். புரியாததைத் திரும்பக் கேட்பது, வேண்டாததை மனம் நோகாமல் மறுப்பது, குறையை நேரே சொல்வது ஆகிய மூன்றும் அங்கே பழகிவிடும். அரசின் உதவித்தொகைகள் முதல் மாத வீட்டுச் செலவைத் தனித் தலைப்பில் தர வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே இந்த வாய்ப்பு எட்டும். ஒரு மொழியைக் கற்பிக்கப் பல ஆண்டுகள் செலவிடும் பல்கலைக்கழகங்கள், அந்த மொழி பேசும் மக்களோடு வாழக் கற்றுத்தருவதையும் தம் கடமையாக ஏற்க வேண்டும்.