சர்டிபிகேட் இருந்தால் கிரேன் சேஃப்பா? தினமும் காலையில் பார்க்க வேண்டியது என்ன?

2020 பிப்ரவரி 19-ல் சென்னை அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பு தளத்தில் கிரேன் சரிந்து 3 பேர் உயிரிழந்தனர். 2023 ஜனவரி 22-ல் ராணிப்பேட்டை மாவட்டம் கீழ்வீதி கிராமத்தில், கோவில் திருவிழாவில் கிரேன் கவிழ்ந்து 4 பேர் பலியாகினர். இரண்டுமே கட்டடம் கட்டும் இடம் இல்லை. ஆனால் கட்டடம் கட்ட வந்த இயந்திரம் இப்போது ஷூட்டிங், திருவிழா என எல்லா இடத்துக்கும் போகிறது.

இப்படி விபத்து நடந்ததும் எழும் முதல் கேள்வி, "சர்டிபிகேட் இருக்கா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது மட்டும் போதாது.

விதி என்ன சொல்கிறது?

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ம் ஆண்டு சட்டத்தின் கீழ், 1998-ல் மத்திய விதிகள் வந்தன. அதன்படி, பாரம் தூக்கும் இயந்திரத்தை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற நபர் முழுமையாக ஆய்வு செய்ய வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை பாரம் ஏற்றி சோதிக்க வேண்டும். அந்தத் தாள், ஆய்வு நடந்த நாளில் இயந்திரம் எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும். மறுவாரமே ஒரு ஹோஸ் வெடித்தால் தாளுக்குத் தெரியாது.

இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி...

ஆபரேட்டர் இயந்திரத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். ஆயில், கூலன்ட், டயர் காற்று, கீழே ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்பதெல்லாம் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜேசிபி என்றால் பக்கெட் பின்களுக்கு தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டையைக் காட்டிப் பார்த்தால் போதும்.

கிரேனில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ரோப்பில் இழைகள் அறுந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா? ஹூக்கின் பூட்டு மூடுகிறதா? அடுத்தது லிமிட் ஸ்விட்ச். ஹூக் மேலே ஏறி பூம் முனையில் இடிப்பதற்கு முன் தானாக நிறுத்துவது இதுதான். இடித்தால் ரோப் அறுந்து, பாரம் அப்படியே கீழே வரும். அடிக்கடி கட் ஆகி 'தொந்தரவு' தருகிறது என்று இதை பைபாஸ் செய்துவிட்டு ஓட்டுவதும் உண்டு. பழுதை சரிசெய்யாமல் காவலை நீக்குவது போலத்தான் இது.

காற்றையும் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பரில் மெக்கா பெரிய பள்ளிவாசலில் புயல்காற்றில் கிரேன் விழுந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேலை இல்லாத நேரத்தில் பூமை இறக்கி வைத்திருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் வழிகாட்டுதல். அது பின்பற்றப்படவில்லை என்று சவுதி அரசின் விசாரணை சொன்னது.

பிறகு ஏன் தவறுகிறது?

வாடகை மணிக்கணக்கில். வண்டி ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது. சோதனைக்குப் போகும் கால் மணி நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதில் தெளிவே இருப்பதில்லை. தினசரி செக் ஷீட்டில் மாதக் கடைசியில் மொத்தமாக டிக் அடித்தால், அது சோதனை அல்ல, வெறும் கையெழுத்து. ஆபரேட்டர் "ரோப் சரியில்லை" என்று சொன்னால் அன்றைய கூலி போகும் என்ற நிலை இருக்கும் வரை, அவர் வாய் திறப்பது கஷ்டம்தான்.

கிரேனை வாடகைக்கு எடுப்பவர்கள் வருடாந்திர சர்டிபிகேட்டோடு இன்றைய செக் ஷீட்டையும் கேட்கலாம். பாரம் இல்லாமல் ஹூக்கை மெதுவாக மேலே ஏற்றிக் காட்டச் சொல்லலாம். தானாக நிற்கவில்லை என்றால், அன்று அந்த வண்டி வேலை பார்க்கக் கூடாது.