வீட்டின் உயரத்தோடு நிலத்தின் சரிவையும் அளக்க வேண்டும்

நீலகிரியில் வீடு கட்ட நினைக்கும் எவருக்கும் இரண்டு எண்கள் மனப்பாடம்: 1,500 சதுர அடி, 7 மீட்டர் உயரம். 1993-ல் வந்த மலைப்பகுதிக் கட்டட விதிகளும் மாஸ்டர் பிளானும் தந்த எண்கள் இவை. இந்த அளவுக்குள் இருந்தால் உள்ளாட்சி அமைப்பு அனுமதி தரலாம். மிஞ்சினால் கோப்பு மேல்மட்டக் குழுக்களுக்குப் போகும். இதற்கு முன்பே, 1990-ல், ஹாகா என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமமும் வந்துவிட்டது.

இந்த விதிகளைத் தளர்த்த வேண்டும் என்று ஒரு தரப்பும், தளர்த்தினால் மலை தாங்காது என்று இன்னொரு தரப்பும் பல ஆண்டுகளாக வாதாடுகின்றன. மகனுக்குத் திருமணம் ஆனதும் பக்கத்தில் இரண்டு அறை சேர்த்துக் கட்ட முடியவில்லை என்று ஹட்டியில் இருப்பவர் சொல்வது நியாயம். 2009 நவம்பரில் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலச்சரிவுகளை மறக்கக் கூடாது என்பதும் நியாயம். ஆனால் விவாதம் முழுவதும் கட்டடத்தைச் சுற்றியே நடக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் தோட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் பிழைப்பு அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது.

சரிவு போடும் கணக்கு

மூன்றடி போனால் ஓரடி இறங்கும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தேயிலைத் தோட்டங்களில் இது சாதாரணம். அங்கே 30 அடி அகலத்தில் சமதளம் வேண்டுமானால், மேல்பக்கம் 10 அடி உயரத்துக்கு மண்ணை வெட்ட வேண்டும். பாதி வெட்டி, அந்த மண்ணைக் கீழே கொட்டிச் சமன் செய்தால் 5 அடி வெட்டு, 5 அடி நிரப்பு. நிரப்பிய மண்ணுக்கு வேர்ப்பிடிப்பு கிடையாது. முதல் பெருமழையில் அது கீழே இருப்பவரின் தேயிலை வரிசைக்குள் இறங்கும். வீட்டின் உயரம் 7 மீட்டருக்குள்தான் இருக்கும், விதி மீறப்பட்டிருக்காது.

அடுத்தது தண்ணீர். 1,500 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 14,000 லிட்டர் வழியும். செடி மூடிய நிலத்தில் மழையின் ஒரு பகுதி மெல்ல மண்ணுக்குள் இறங்கும். கூரைத் தண்ணீர் ஒரே குழாயில், ஒரே இடத்தில் விழும். ஒரு சரிவில் இப்படி இருபது வீடுகள் வந்தால், பழைய ஓடை அந்த வேகத்தைத் தாங்காது. இப்போதைய முறையில் துறைகள் தரும் தடையின்மைச் சான்று ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. இருபதும் சேர்ந்தால் அந்தச் சரிவு என்ன ஆகும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

எல்லாப் பழியையும் கட்டடத்தின் மேல் போடவும் முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது வனப்பகுதியிலும் மண் சரிந்தது. அப்படிப்பட்ட மழை மீண்டும் வரக்கூடும் என்பதால்தான், சரிவைக் கூடுதலாகப் பலவீனப்படுத்தக் கூடாது என்கிறேன்.

கொழுந்து விலை சரிந்தால்

நிலம் ஏன் கைமாறுகிறது என்பதையும் பேச வேண்டும். பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய்க்குக் கீழே இறங்கிய மாதங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 30 ரூபாய்க்கு மேல் விலை கேட்டு 2023-ல் படுகர் கிராமங்களில் உண்ணாவிரதம் நடந்தது. பறிகூலியும் உரச்செலவும் போக மிச்சமில்லாத ஏக்கரை, விடுதி கட்ட வருபவர் சென்ட் கணக்கில் விலை பேசும்போது யார்தான் விற்க மாட்டார்? வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்துவிட்டால் மட்டும் தேயிலை நிலம் தேயிலை நிலமாகவே இருந்துவிடாது. ‘விவசாயப் பகுதி’ என்று அரசு வரையறுத்தால், அங்கே விவசாயம் கட்டுப்படியாகும் விலைக்கும் வழி சொல்ல வேண்டும்.

மேலிருந்து போடும் கோடு

மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது பற்றி 2010 பிப்ரவரியில் நம் கோத்தகிரியில் ஒரு கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து அமைந்ததுதான் மாதவ் காட்கில் குழு. அது 2011-ல் தந்த அறிக்கை, மலைத்தொடரை மூன்று தரமாகப் பிரித்ததோடு, எல்லைகளைக் கிராம சபைகளிடம் கேட்டு இறுதி செய்யச் சொன்னது. அந்தக் கலந்தாலோசனை சரியாக நடக்காததால், கேரளத்தின் இடுக்கியில் விவசாயிகள் தங்களை வெளியேற்றப் போகிறார்கள் என்று அஞ்சித் தெருவில் இறங்கினர். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. மறுநாளே சுமார் 56,800 சதுர கிலோமீட்டரைச் சூழல் உணர்திறன் பகுதியாக்கும் வரைவை மத்திய அரசு மீண்டும் வெளியிட்டது. ஊரைக் கேட்காமல் போட்ட கோட்டை ஊர் மதிக்காது. கோடே வேண்டாம் என்றால் மழை நம்மைக் கேட்காது.

நீங்கள் செய்ய வேண்டியவை

2025 ஜனவரியில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அதற்காகக் கிராம சபையில் பேசும் உரிமை போய்விடவில்லை. அங்கே மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று, கட்டட அனுமதியில் நிலத்தின் சரிவு, வெட்டும் மண்ணின் உயரம், கூரைத் தண்ணீர் போய்ச்சேரும் இடம் மூன்றும் கட்டாயமாகப் பதிவாக வேண்டும். சமமான, பாதுகாப்பான இடத்தில் சொந்த வீடு கட்டுபவருக்கு விதியை எளிதாக்கலாம். செங்குத்துச் சரிவில் யாராக இருந்தாலும் கடுமை வேண்டும்.

இரண்டு, உங்கள் ஊரின் ஊற்று, ஓடை, சதுப்பு எல்லாவற்றையும் பெரியவர்களை வைத்து ஒரு வரைபடத்தில் குறியுங்கள். மாஸ்டர் பிளானைத் திருத்தும் வரைவு வெளியானால், உங்கள் சர்வே எண் எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

மூன்று, நம் பங்கையும் செய்வோம். ஒரு சரிவு முழுவதையும் ஒரே பருவத்தில் கவாத்து செய்யாதீர்கள். கவாத்துக் கழிவை வரிசைகளுக்கு இடையிலேயே பரப்புங்கள். மழைக்கு முன் சமமட்ட வாய்க்கால்களைத் தூர் வாருங்கள். கேரட் போடுபவர்கள் ஓடைக் கரைவரை கொத்தாமல் சில அடி புல் விடுங்கள். நம் தோட்டத்தை ஒழுங்காக வைத்திருந்தால்தான், மேலே பொக்லைன் வைத்து மண் வெட்டுபவரைச் சபையில் கேள்வி கேட்க முடியும்.