புதையல் யாருக்கு உரியது?

பொது நிலத்தினடியிலும் கடலினடியிலும் மறைந்து கிடக்கும் புராதனப் பொருள்கள் யாருக்கு உரியன என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு எளிதெனத் தோன்றும். தேடிக் கண்டவனுக்கே உரியன என்பர் சிலர். அக்கூற்றிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1622-ஆம் ஆண்டில் பிளாரிடாவிற்கருகே மூழ்கிய அட்டோச்சா என்னும் ஸ்பானியக் கப்பலை மெல் பிஷர் என்பார் பல்லாண்டுகள் தேடினார். 1975-இல் படகு கவிழ்ந்து தம் மகனையும் மருமகளையும் இழந்தார். 1985-இல் பொக்கிஷத்தைக் கண்டார். நீதிமன்றங்களும் அவர் பக்கமே தீர்ப்பளித்தன. இத்துணை இடுக்கண் உற்றார்க்கு ஒன்றுமில்லையென யாம் கூறோம்.

ஆயினும், பழம்பொருளின் பெருமை அதன் பொன்னில் மாத்திரம் இல்லை. அஃது எவ்விடத்தில், எவற்றோடு, எந்நிலையில் கிடந்தது என்பதே அது கூறும் சரித்திரமாம். அவசரமாய் அள்ளிப் பலர் கைக்கு விற்பது, ஏட்டைக் கிழித்து எழுத்துக்களை விற்பதனை ஒக்கும். அன்றியும், மூழ்கிய கப்பல் பல சமயங்களில் மாண்டார்தம் கல்லறையுமாகும். 1804-இல் வெடித்து மூழ்கிய மெர்சிடிஸ் என்னும் ஸ்பானியக் கப்பலின் நாணயங்களை ஓர் அமெரிக்கக் கம்பெனியார் 2007-இல் எடுத்தனர். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட அவை 2012-இல் நீதிமன்ற ஆணைப்படி ஸ்பெயின் தேசத்திற்குத் திரும்பின. இது தக்கதே என்பது எம் துணிபு. பொதுவிடத்தில் உள்ளது பொதுமக்களுடையது. அரசாங்கம் அதன் காவலாளியேயாம்.

ஆனால் காவலாளிக்கும் கடமையுண்டு. நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவன் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென விதித்தது. அரசாங்கம் பொருளைக் கொள்ளுமிடத்து அதன் உலோக விலையும் அதில் ஐந்திலொரு பங்கும் தருமெனவும் வகுத்தது. செப்புத் திருமேனியை எடை போட்டு விலை கூறின், வறிய உழவன் மறைவாய் வாங்குவாரை நாடாதிருப்பானோ? இங்கிலாந்திலோ 1996-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, காட்சிச்சாலை பெற விரும்பும் புதையலுக்குச் சந்தை விலையே வெகுமதியாக மதிக்கப்படுகிறது. அங்கே மறைப்பதனினும் அறிவிப்பது இலாபமாகின்றது.

ஆதலின், உரிமை பொதுமக்களுக்கும், தக்க வெகுமதி கண்டெடுத்தார்க்கும் ஆகுக. எடுத்தவற்றைக் கிடங்கில் அடைத்துப் பூட்டுதல் மீண்டும் புதைத்தலேயாம். பள்ளி மாணவனும் கண்டு வியக்குமிடத்தில் அவை விளங்குமாயின், சட்டம் ஏவாமலே மக்கள் அவற்றைக் காப்பர்.